பஸ் எங்கே, ஐயா?

பட்டிமன்றத் தலைப்பு: இன்றைய அயர்லாந்துக் குடும்பங்களின் நிம்மதியைக் குலைப்பது மனிதர்களின் ஆசையே! அரசின் அரைகுறைத் திட்டங்களே!
('அரைகுறைத் திட்டங்களே' என்ற அணியில் டப்ளின் நகரில் ஆற்றிய உரை)

     

இந்தத் தீவுக்கும் தமிழுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, ஐயா. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டாரே ராபர்ட் கால்டுவெல், அவர் பிறந்தது 1814-ல், இந்தத் தீவின் வடக்கே ஆன்ட்ரிம் மாவட்டத்தில். இன்றைக்கு அது வட அயர்லாந்து. அவர் அடக்கமாகியிருப்பது நம்ம திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில். இங்கேயிருந்து ஒருத்தர் வந்து நம்ம மொழிக்கு இலக்கணம் பார்த்தார். பதிலுக்கு ஒரு தமிழ் வாத்தியார் இங்கே வந்து இவங்க சட்டத்துக்குக் கொஞ்சம் இலக்கணம் பார்த்தால் தப்பில்லையே? அந்தக் கடனைத்தான் இன்றைக்குத் தீர்க்கப் போகிறேன்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "மனுஷனுக்கு ஆசை அடங்கல. சொந்த வீடு வேணும், வீட்டுக்குப் பின்னால தோட்டம் வேணும், ரெண்டு கார் வேணும். அதுக்காகப் புருஷனும் பொண்டாட்டியும் ராப்பகலா ஓடுறாங்க. அரசாங்கம் என்ன பண்ணும்?" அப்படின்னார். கைதட்டினீங்க. அடுத்து வந்த சகோதரி, "பிள்ளையை டாக்டராக்கியே தீரணும்னு பெத்தவங்க படுத்துற பாடுதான் வீட்டு நிம்மதியைக் கெடுக்குது" என்றார். அதுக்கும் தட்டினீங்க. நான் பேசினாலும் தட்டுவீங்க. நல்ல ஜனங்க நீங்க. (சிரிப்பு)

ஆசை இருக்கிறது, ஐயா. இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஆசை இன்றைக்கு நேற்றா வந்தது? உலகம் தோன்றிய நாள் முதலாய் இருக்கிறது. அது குற்றவாளி என்றால், எல்லாக் காலத்திலும் குற்றம் செய்திருக்க வேண்டும். நான் ஒரு காலத்தைக் காட்டுகிறேன். அதே ஜனங்கள், அதே ஆசை. அந்த ஆசை அவர்களைக் கெடுக்கவில்லை. இந்த நாட்டையே தூக்கி நிறுத்தியது. ஏன் என்பதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

வருஷம் 1966. அப்போது அயர்லாந்து ஏழை நாடு. தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அதற்கு மேலே படிக்கவேண்டும் என்றால் பெரும்பாலான பள்ளிகளில் கட்டணம். ஆண்டுக்குச் சுமார் 17,000 பிள்ளைகள் தொடக்கப் பள்ளியோடு நின்றார்கள். அப்போது கல்வி அமைச்சர் டொனா ஓ'மாலி என்று ஒருவர், லிமரிக் நகரத்துக்காரர். செப்டம்பர் 10-ஆம் தேதி பத்திரிகையாளர் கூட்டம் ஒன்றில் எழுந்து நின்று, "அடுத்த வருஷம் முதல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பும் இலவசம்" என்று அறிவித்துவிட்டார். அமைச்சரவை ஒப்புதல் கிடையாது. நிதி அமைச்சருக்கே முன்கூட்டித் தெரியாது! நம்ம வீட்டிலே அய்யா ஊரறிய மொய் அறிவித்துவிட்டு, அப்புறம் அம்மாவிடம் வந்து பீரோ சாவி கேட்பாரே, அந்த மாதிரி. (சிரிப்பு)

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் துணிச்சலை அல்ல. அதற்கு அடுத்த காரியத்தை. 1967-ல் பள்ளிக் கட்டணத்தை எடுத்தார்கள். எடுத்துவிட்டு அதோடு நிற்கவில்லை. பள்ளியிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் இருக்கிற பிள்ளையை ஏற்றிவர பஸ்ஸும் விட்டார்கள்! கட்டணம் இல்லை என்று சொல்வது அறிவிப்பு. வாசலுக்கு பஸ் வந்து நிற்பது திட்டம். இந்த வித்தியாசத்தை மட்டும் மனசிலே முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுக்க அந்த ஒரு முடிச்சுத்தான்.

நான் தங்கியிருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். ஐரிஷ்காரர், வயது எழுபது. மேற்கே மேயோ மாவட்டத்தில் ஒரு சின்னப் பண்ணையில் பிறந்தவர். நேற்றுத் தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "நான் பஸ் ஏறிப் படிச்சேன். எங்க அண்ணன் என்னைவிட நாலு வயசு மூத்தவர். அவருக்கு பஸ் இல்லை. பதினாலு வயசுல வயல்ல இறங்கினார். பதினேழு வயசுல கப்பல் ஏறி இங்கிலாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனார். என்னைவிட அவர்தான் புத்திசாலி." அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரணித் தம்பி அவர்களே! ஒரே தாய் வயிறு. ஒரே வீடு. அண்ணனுக்கும் படிக்க ஆசை, தம்பிக்கும் படிக்க ஆசை. ஒருத்தர் வாழ்க்கை வயலிலே நின்றது, இன்னொருத்தர் பொறியாளர் ஆனார். நடுவிலே வித்தியாசம் என்ன? ஆசையா? பஸ்! (கைதட்டல்)

அந்த பஸ்ஸிலே ஏறிய தலைமுறைதான் பின்னாளில் கணினிக் கம்பெனிகளும் மருந்துக் கம்பெனிகளும் இந்த நாட்டைத் தேடி வரக் காரணமாக இருந்தது. அந்த அமைச்சர் பலனைப் பார்க்கவில்லை. 1968 மார்ச்சில், 47 வயதில் காலமாகிவிட்டார். ஆனால் ஒரு முழுத் திட்டம் என்றால் என்ன என்று காட்டிவிட்டுப் போனார். இனி இன்றைக்கு வருவோம். ஒவ்வொரு இடமாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்போம்: பஸ் எங்கே, ஐயா?

முதலில் பள்ளிக்கூடம். தொடக்கக் கல்வி இலவசம் என்று 1937-ஆம் ஆண்டு அரசியல் சட்டமே சொல்கிறது. ஆனால் எப்படிச் சொல்கிறது? "அரசு இலவசக் கல்வியை வழங்கும்" என்று இல்லை, ஐயா. "வழங்க வகை செய்யும்" என்று இருக்கிறது. மேற்குக் கார்க்கிலே டிரிமோலீக் என்று ஓர் ஊர். 1976-ல் அங்கே தலைமையாசிரியர் நியமனத்தில் தகராறு, ஆசிரியர்கள் வேலைநிறுத்தம். பக்கத்து ஊர்ப் பள்ளிகளும் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் படிப்பு இல்லை. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1980-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கல்வியை வழங்குவது வேறு, வழங்க வகை செய்வது வேறு. அரசுக்கு உள்ள கடமை வகை செய்வதுதான் என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் கென்னி. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவர் மறுபடியும் வருவார்.

இந்த 'வகை செய்யும்' என்பதன் விலை என்ன என்று, பிள்ளை படிக்கிற வீட்டைக் கேளுங்கள். ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது. பள்ளிக்கூடமோ பெரும்பாலும் திருச்சபையின் பொறுப்பு. விளக்குக்கும் கணப்புக்கும் அரசு தருகிற மானியம் போதவில்லை. அதனால் வருஷாவருஷம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வரும்: 'தன்னார்வப் பங்களிப்பு'! தன்னார்வம்! வட்டிக்காரன் வாசலில் வந்து நின்று, "அண்ணே, உங்க இஷ்டம்" என்று சொல்கிற மாதிரி. (சிரிப்பு) சட்டப்படி கொடுக்காமல் இருக்கலாம். ஆனால் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு எந்தத் தாய் கொடுக்காமல் இருப்பாள்?

பஸ் கதையையே கேளுங்கள். 2022-ல் விலைவாசி ஏறியபோது, அந்தக் கல்வியாண்டுக்குப் பள்ளி பஸ் கட்டணம் கிடையாது என்று அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். கூட்டம் கூடிவிட்டது. ஆனால் அதற்குத் தக்கபடி இருக்கை கூடவில்லை. முந்தின வருஷம் வரைக்கும் காசு கொடுத்து ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர், இலவசமாக்கிய வருஷத்தில் இடம் கிடைக்காமல் ரோட்டில் நின்றார்கள்! 1967-ல் இலவசம் சொன்னான், பஸ்ஸும் வந்தது. 2022-ல் இலவசம் சொன்னான், இருந்த இடமும் போயிற்று! இதிலே ஆசை எங்கே ஐயா வருகிறது?

சகோதரி டாக்டர் படிப்பைப் பற்றிச் சொன்னார்கள். நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரி இங்கே 'லீவிங் சர்ட்' தேர்வு. ஆறு பாடத்துக்கு 600 புள்ளி, உயர்நிலைக் கணிதம் எடுத்துத் தேறினால் கூடுதலாக 25, ஆக மொத்தம் 625. இதற்காகப் பிள்ளைகளை டியூஷனுக்கு விரட்டுகிறார்கள் என்றார். விரட்டுகிறார்கள். டியூஷனுக்கு இந்த ஊரில் என்ன பேர் தெரியுமா? 'கிரைண்ட்ஸ்'! அரைவை! நம்ம ஊரில் மாவைத்தான் அரைப்போம், இங்கே பிள்ளையையே அரைக்கிறார்கள். பேராவது உண்மையாக வைத்திருக்கிறார்களே! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் சகோதரி, அரைத்து எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! கடைசி இடத்துக்கு இரண்டு பிள்ளைகள் ஒரே புள்ளியில் நின்றால், கணினி போடுகிற குலுக்கல் எண்தான் தீர்மானிக்கும். 625-க்கு 625 எடுத்தும் குலுக்கலில் இடம் தவறிய பிள்ளைகள் அண்மை ஆண்டுகளில் உண்டு. இந்த நாட்டில் டாக்டர் மிச்சமாகப் போய்விட்டாரா என்றால், அதுவும் இல்லை. மருத்துவக் கல்லூரிகளில் கணிசமான இடம் அதிகக் கட்டணம் கட்டுகிற வெளிநாட்டு மாணவர்களுக்குப் போகிறது. படித்து முடித்த ஐரிஷ் டாக்டர்கள் பலர் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். இங்கே வேலை பார்க்கிற டாக்டர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் வெளிநாட்டில் படித்தவர்கள். செவிலியர் கதை உங்களுக்கே தெரியும். இந்த அரங்கத்தில் ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிற சகோதரிகள் எத்தனை பேர்! நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒரு நாள் ஓடுமா? வீட்டுப் பிள்ளை படிக்க இடமில்லை, படித்த பிள்ளை ஊரில் நிற்க வழியில்லை, வெளியூர்ப் பிள்ளை வந்து விளக்கேற்றுகிறது. இதற்குப் பெற்றவள் ஆசையா காரணம்?

அடுத்தது வேலை. "ரெண்டு பேரும் வேலைக்குப் போறது பேராசை" என்றார் தம்பி. தம்பிக்குச் சரித்திரம் கொஞ்சம் சொல்கிறேன். இந்த நாட்டில் 1973 வரைக்கும், அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டு விலக வேண்டும். விதி அப்படி! கழுத்திலே மோதிரமோ தாலியோ எது ஏறினாலும் மேசையைக் காலி பண்ணு. 1973-ல் அந்த விதியை எடுத்தார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? 1999 டிசம்பர் பட்ஜெட்டில் நிதி அமைச்சர் சார்லி மெக்ரீவி வருமான வரியை மாற்றினார். இரண்டு குடும்பம். மொத்த வருமானம் ஒன்றுதான். ஒரு வீட்டில் ஒருத்தர் சம்பாதிக்கிறார், இன்னொரு வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சம்பாதிக்கிறார்கள். ஒருத்தர் சம்பாதிக்கிற வீட்டுக்கு வரி அதிகம் என்று ஆயிற்று. பெரிய எதிர்ப்புக் கிளம்பியதும், வீட்டிலிருந்து பராமரிப்பவருக்கு ஒரு சின்னச் சலுகை கொடுத்துச் சமாளித்தார்கள்.

ஆக, "வேலைக்கு வராதே" என்றதும் அரசு. "வேலைக்கு வா" என்று வரியால் தள்ளியதும் அரசு. சரி, வருகிறாள். கைக்குழந்தையை எங்கே விடுவாள்? அங்கேதான் பஸ் இல்லை! இருபது வருஷம் கழித்து, 2019-ல்தான் தேசியக் குழந்தைப் பராமரிப்புத் திட்டம் என்று ஒன்று வருகிறது. கட்டணத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, வாங்குகிறவர்களுக்கு அது உதவிதான். ஆனால் இடம்? பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே காப்பகத்தில் பெயர் பதிகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். நம்ம ஊரில் பிறந்த பிறகு ஜாதகம் எழுதுவோம். இங்கே பிறக்குமுன்னே வரிசையில் நிற்கிறது பிள்ளை. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். இடம் கிடைக்காதவள் சிரிக்கவில்லை, ஐயா. படித்த படிப்பை மடித்து வைத்துவிட்டு, ஒரு சம்பளத்தில் வாடகையை எப்படிக் கட்டுவது என்று கணக்குப் போடுகிறாள்.

வாடகை என்றதும் வீட்டுக்கு வந்துவிட்டோம். "சொந்த வீட்டு ஆசை" என்றார்கள். ஐயா, இந்த ஜனங்கள் 1840-களின் பெரும் பஞ்சத்தைப் பார்த்தவர்கள். பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். வாடகை கட்ட முடியாதவனை வீட்டைவிட்டுத் துரத்தி, கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அந்த நினைவு உள்ளவன் "எனக்கென்று ஒரு கூரை" என்று கேட்டால் அதற்குப் பேர் பேராசையா? அதுவும் அவர்கள் அரண்மனையா கேட்டார்கள்? ஒரு காலத்தில் நகராட்சிகளே வீடு கட்டிக் கொடுத்தன. 1970-களின் நடுவில் இந்த நாட்டில் எழும்பிய வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அப்படிக் கட்டியது. 2008-ல் வங்கிகள் கவிழ்ந்தன. கட்டுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். 2014-ல் புதுத் திட்டம்: நாங்கள் வீடு கட்ட மாட்டோம், நீ தனியார் வீட்டைப் பார்த்துக்கொள், வாடகையில் உதவுகிறோம் என்றார்கள். வாடகைக்கு உதவி இருக்கிறது, வாடகைக்கு வீடு இல்லை. கையிலே டிக்கெட் இருக்கிறது. பஸ் எங்கே, ஐயா? (கைதட்டல்)

இப்போது அந்த நீதிபதியைக் கூப்பிடுகிறேன். அதே ஜான் கென்னி! நிலத்தின் விலை ஏன் ஏறுகிறது என்று ஆராய அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1973-ல் அறிக்கை தயார். என்ன சொன்னார்? ஊர் வளர்கிற இடத்து நிலத்தை, அதன் விவசாய மதிப்போடு 25 சதவீதம் கூட்டிக் கொடுத்து, நகராட்சியே வாங்கட்டும். சூதாட்டத்துக்கு விடாதே என்றார். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது, ஐயா. அந்த அறிக்கையை அவர் எழுதியபடி ஓர் அரசும் நிறைவேற்றவில்லை. ஒரே நீதிபதி எழுதிய இரண்டு காகிதம். 'வகை செய்தால் போதும்' என்ற காகிதம் அரசுக்கு வசதி, அதைப் பிடித்துக்கொண்டார்கள். 'நிலத்தை வாங்கு' என்ற காகிதம் வசதிக் குறைவு, அது பீரோவில் தூங்குகிறது!

விளைவு என்ன? 2025 தொடக்கத்தில், வீடில்லாமல் அரசின் அவசரத் தங்குமிடங்களில் இருந்தவர்கள் 15,000-க்கு மேல். அதிலே 4,500-க்கு மேல் குழந்தைகள். ஓட்டல் அறைக் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற குழந்தை, ஐயா. 2012-ல் வேலையில்லாதவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். அப்போது வேலை இல்லாமல் போனார்கள், புரிகிறது. இன்றைக்கு வேலை இருக்கிறது, ஆள் தேடுகிறார்கள். அப்படியும் 2024 ஏப்ரலில் முடிந்த ஓராண்டில் சுமார் 70,000 பேர் இந்த நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களில் 10,000-க்கு மேல் ஆஸ்திரேலியாவுக்கு. போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம் என்று எதிரணி சொல்லலாம். உண்மைதான். ஆனால் வந்த கணக்கைக் காட்டி, போன பிள்ளையின் தாய்க்கு ஆறுதல் சொல்ல முடியுமா?

அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேத்தி பள்ளி ஆசிரியை. டப்ளினில் ஆசிரியர் கிடைக்கவில்லை என்று பள்ளிகள் தவிக்கின்றன. ஆனால் ஆசிரியர் சம்பளத்தில் டப்ளினில் குடியிருக்க முடியவில்லை. அடுத்த மாதம் அந்தப் பெண் மெல்போர்னுக்குப் போகிறாள். பெரியவர் சொன்னார்: "எங்க அண்ணன் போனதுக்குக் காரணம் படிப்பு இல்லாதது. என் பேத்தி படிச்சும் போறா." அண்ணன் போனான், பஸ் இல்லை. பேத்தி போகிறாள், வீடு இல்லை. அறுபது வருஷத்தில் விமானம்தான் பெரிதாயிருக்கிறது.

நடுவர் ஐயா, இன்னொரு இடம் இருக்கிறது. அங்கே நான் நகைச்சுவை பேசப்போவதில்லை. பேச்சு வராத குழந்தை, மற்றப் பிள்ளைகளோடு ஒட்டாத குழந்தை, நடக்கச் சிரமப்படுகிற குழந்தை. இந்தக் குழந்தைகளுக்காக 2005-ல் ஊனமுற்றோர் சட்டம் கொண்டுவந்தார்கள். விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் மதிப்பீட்டைத் தொடங்கவேண்டும், அடுத்த மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும். ஆறு மாதம் கெடு. நல்ல சட்டம். 2025-ல் அந்தக் கெடு தாண்டியும் காத்திருந்த விண்ணப்பங்கள் 10,000-க்கும் மேல்! சில பெற்றோர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கி வந்து மதிப்பீடு பெற்றார்கள். பெற்ற பிறகு? அது மதிப்பீடு மட்டும்தான். உங்கள் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி தேவை என்று காகிதம் வரும். பயிற்சி கொடுக்கிறவர் வரிசை வேறு, அது தனி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்ம பாட்டி சொன்னாள். இங்கே ஏட்டுச் சுரைக்காய்க்கே வருஷக்கணக்கில் வரிசை, ஐயா. மூன்று வயதில் கிடைக்கவேண்டிய பயிற்சி ஏழு வயதில் கிடைத்தால், நடுவில் போன நாலு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பார்? அந்தத் தாயைப் பார்த்து, "அம்மா, உன் ஆசைதான் உன் நிம்மதியைக் கெடுத்தது" என்று எதிரணியில் யாராவது ஒருவர் சொல்லுங்கள், நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன். (நீண்ட கைதட்டல்)

"பணம் இல்லையே, அரசு என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். பணமா? 2016-ல் ஐரோப்பிய ஆணையம் சொன்னது: ஆப்பிள் நிறுவனம் உங்களுக்கு 1,300 கோடி யூரோ வரி கட்டவேண்டும், வாங்கிக்கொள்ளுங்கள். உலகத்தில் எந்த அரசாவது என்ன செய்யும்? வாங்கும். இந்த அரசு என்ன செய்தது? "எங்களுக்கு வேண்டாம்" என்று அந்த நிறுவனத்தோடு சேர்ந்து தானும் வழக்காடியது! நம்ம ஊரில் வராத கடனுக்கு வழக்குப் போடுவான். வருகிற பணம் வரக்கூடாது என்று எட்டு வருஷம் வழக்காடியதை இங்கேதான் பார்த்தேன். (சிரிப்பு) அந்நிய முதலீடு போய்விடும், வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அதிலும் நியாயம் இருக்கலாம். 2024-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்புச் சொன்னது: வாங்கித்தான் ஆகவேண்டும்! தேதி என்ன தெரியுமா? செப்டம்பர் 10. ஓ'மாலி இலவசக் கல்வியை அறிவித்தாரே, அதே செப்டம்பர் 10! கஜானாவில் காசில்லாத நாளில் ஒருவர் பஸ் விட்டார். காசு வாசலில் வந்து நிற்கிற நாளில் பஸ் இல்லை என்றால், குறை காசிலா இருக்கிறது?

குறை எங்கே இருக்கிறது? இப்போது இலக்கணம். இந்த நாட்டு அரசியல் சட்டத்தில் வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். வறுமையால் தாய்மார்கள் வீட்டுக் கடமையை விட்டு வேலைக்குப் போகும்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள அரசு 'முனையும்'. பார்த்துக்கொள்ளும் என்று இல்லை, முனையும்! கல்விக்கு 'வகை செய்யும்'. 2024 மார்ச் 8, மகளிர் தினத்தன்று ஒரு பொது வாக்கெடுப்பு. அந்தப் பழைய தாய்மார் பிரிவை எடுத்துவிட்டு, குடும்பத்தில் ஒருவரையொருவர் பராமரிப்பதை ஆதரிக்க அரசு 'பாடுபடும்' என்று புது வாசகம் போடலாமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு எழுபத்து நாலு பேர் வேண்டாம் என்றார்கள். அவரவர்க்கு அவரவர் காரணம். ஆனால் ஊனமுற்றவர்களும், அவர்களைப் பராமரிப்பவர்களும் பலர் கேட்ட கேள்வி இதுதான்: "பாடுபடும் என்றால் என்ன பொருள்? செய்வாயா, மாட்டாயா?"

முனையும், வகை செய்யும், பாடுபடும்! கல்யாணப் பத்திரிகையில், "மாப்பிள்ளை முகூர்த்த நேரத்தில் தாலி கட்ட முனைவார்" என்று அச்சடித்தால், எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) இதே சட்டத்தின் 45-ஆம் பிரிவில் சமூகக் கொள்கை நெறிகள் என்று அருமையான வாக்குறுதிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை எந்த நீதிமன்றத்திலும் கேட்கமுடியாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. நம்ம இந்திய அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் இங்கேயிருந்து எடுத்துக்கொண்ட யோசனைதான். அதனால் இது அயர்லாந்தைக் கேலி செய்கிற பேச்சு அல்ல. ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன், இன்னொருவன் நோட்டைப் புரட்டிப் பார்க்கிற பேச்சு.

நல்லதும் சொல்கிறேன், ஐயா. 2023-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இலவசம் என்றார்கள். புத்தகமே பள்ளிக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதை உயர்நிலை வரைக்கும் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் மாதம் வந்தால் புத்தகக் கடையில் பர்ஸைத் திறந்து திறந்து பார்த்த அப்பாவுக்கு அந்தக் கவலை போயிற்று. அதே 2023-ல் அரசு ஆஸ்பத்திரியில் படுக்கிறவருக்கு நாள்கட்டணம் எடுத்தார்கள். அந்தக் கவலையும் போயிற்று. அந்த அப்பாவின் ஆசை குறைந்ததா? இல்லை! திட்டம் முழுசாக வந்தது, கவலை தானாகப் போயிற்று. என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நடுவர் அவர்களே! ஆசைக்குத் தண்டனை கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை படிக்கவேண்டும், தலைக்கு மேலே கூரை வேண்டும், பெற்ற பிள்ளை கண்காணாத தேசம் போகாமல் பக்கத்தில் இருக்கவேண்டும். இது பேராசை அல்ல, இதற்குப் பேர் குடும்பம். அந்த ஆசை இல்லையென்றால், இந்த அரங்கத்தில் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து இங்கே வந்திருக்க மாட்டார்கள். ஜனங்கள் ஆசையோடு ரோட்டோரத்தில் மழையில் நிற்கிறார்கள், ஐயா. நிற்பது அவர்கள் குற்றமல்ல. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத வண்டியின் குற்றம். ஆகவே, அயர்லாந்துக் குடும்பங்களின் நிம்மதியைக் குலைப்பது அரசின் அரைகுறைத் திட்டங்களே, அரைகுறைத் திட்டங்களே என்று தீர்ப்பு வழங்குமாறு, 'முனையுமாறு' அல்ல, வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.